படமில்லாத நேரலை

கிளறாவின் இரண்டு கைகளும் சாளை மீனுக்குள் இருந்தன. தலைக்குக் கீழே பெருவிரலைக் கொடுத்து ஒரே இழுவையில் முள்ளையும் குடலையும் கழற்றி, மீனை விரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் வாங்கிய மீன். மன்னார்க் கரையில், பேசாலையில் பிறந்தவளுக்கு மீன் துப்பரவாக்கக் கண் வேண்டியதில்லை. கண்கள் அடுக்களை யன்னலுக்கு வெளியே தெருவில் இருந்தன. வாய் இத்தாலிய மொழியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"மூலைக் கடைக்காரன் வாளியோடு வருகிறான். வாளி நீலம். தண்ணீரை நடைபாதையில் ஊற்றுகிறான். ஒரு பெண் வருகிறாள், வெள்ளைச் சப்பாத்து. நனைந்துவிட்டது. நின்று திட்டுகிறாள்."

"என்ன வயது?" என்று கேட்டார் கதிரையில் இருந்த சிஞ்ஞோரா நின்ஃபா.

"தனக்கு நாற்பதுதான் என்று அவள் நினைக்கிறாள். தலைக்குச் சாயம் பூசி ஒரு மாதம் ஆகியிருக்கும். வேர் முழுக்க வெள்ளை."

சிஞ்ஞோரா வயிறு குலுங்கச் சிரித்தார்.

சலரோகம், அந்தச் சர்க்கரை நோய், அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிற அவருக்குக் கிளறாதான் பகல்நேரப் பராமரிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "வெளியே அழகாக இருக்கிறது" என்று சொல்லப்போய்க் கிளறா வாங்கிக் கட்டிக்கொண்டாள். "அழகா இல்லையா என்பதை நான் முடிவு செய்கிறேன். நீ நிறத்தைச் சொல். எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் போகிறது என்று சொல். ரக்கோந்தா!" ரக்கோந்தா என்றால் எடுத்துச் சொல் என்று அர்த்தம். பராமரிப்புப் பயிற்சியில் கட்டிலில் கிடக்கிறவரை எப்படிப் புரட்டுவது, தொண்டையில் சோறு சிக்கினால் என்ன செய்வது எல்லாம் கற்பித்தார்கள். தெருவை எப்படி எடுத்துச் சொல்வது என்று யாரும் கற்பிக்கவில்லை. ஏச்சு வாங்கி வாங்கித்தான் கிளறாவுக்கு அது பிடிபட்டது.

போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். தங்கச்சியின் மகள் சுஜானி. இலங்கையின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இன்ரநெற் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவள். வேலை நேரத்தில் ஒருநாளும் அழைக்கமாட்டாள்.

"பெரியம்மா, வேலையோ?"

"மீன் வெட்டுறன். சொல்லு."

"ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளே?"

"சொல்ல முதலே எப்பிடியடி கோவிக்கிறது? சொல்லு."

"நாலாந் தேதி மலை லைவ் போடாதேங்கோ."

கிளறாவின் பெருவிரல் மீனுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் கோயில் பூட்டியிருந்தபோது தொடங்கிய பழக்கம் அது. பலெர்மோத் தமிழரின் ஞாயிறு பூசை, திருநாள், சுற்றுப்பிரகாரம் எல்லாவற்றையும் கிளறா தன் போனில் நேரலையாக விடுவாள். பார்ப்பவர்களில் பாதிப்பேர் மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் விட்டுவந்த பிள்ளைகள். அவர்களில் கொஞ்சப்பேரல்ல, நிறையப் பேர் இப்போது சுஜானியின் கம்பஸில் படிக்கிறார்கள். தாயும் தகப்பனும் இங்கே வீடு துடைத்து, கோப்பை கழுவி, கிழவர்களைப் பார்த்து அவர்களைப் படிப்பிக்கிறார்கள். கூட்டத்துக்குள் அம்மாவின் சேலையைக் கண்டுபிடிப்பதற்காகப் பிள்ளைகள் பூசை பார்ப்பார்கள். செப்ரெம்பர் நாலாம் தேதி சாந்தா ரொசாலியாவின் நாள். பெல்லெகிரினோ மலையில் அந்தப் புனிதையின் குகைக்கோயிலுக்கு எல்லாரும் நடந்து ஏறுவார்கள். வருடத்தில் அதிகம் பேர் பார்க்கும் லைவ் அதுதான்.

"ஏன் போடக்கூடாது?"

"போன மடு மாதா திருநாளண்டு நீங்கள் என்ன சொன்னனீங்கள், ஞாபகம் இருக்கோ?" சுஜானி பெரியம்மாவின் குரலை அப்படியே பிடித்தாள். "'ஒரு அறையிலை ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் தனித்தனியத் திறவுங்கோ பிள்ளையள்! எண்ணிக்கை ஏறட்டும்! மாதாவுக்கு மகிமை!'"

"ஓம், சொன்னனான். அதிலை என்ன பிழை?"

"திறந்திட்டுதுகள் பெரியம்மா. அவ்வளவு பேரும் திறந்திட்டுதுகள். கேசிகான்ர வைவா நடுவிலை அறுந்தது அந்த நேரந்தான்."

கிளறா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கேசிகா அமலினியின் மகள். அமலினி மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலில் அறை துப்பரவாக்குகிறாள். கிளறாவுக்குத் தங்கச்சி மாதிரி. மன்னார்க் கடலடியில் முளைக்கும் புல்லைப் பற்றி கேசிகா வருடக்கணக்காக ஆராய்ந்து எழுதியிருந்தாள். அதற்கான கடைசி வாய்மொழித் தேர்வை நோர்வேயில் இருக்கும் ஒரு பேராசிரியை இன்ரநெற் வழியாக நடத்த வேண்டும். பாதியில் லைன் நின்றுபோனது என்று அமலினி அழுது முடித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

"அந்த மனிசி இன்னொரு நாள் தந்திருக்கிறா," என்றாள் சுஜானி. "நாலாந் தேதி. நீங்கள் மலை ஏறுற அதே நேரம். அடுத்தநாள் அவ ஆராய்ச்சிக் கப்பலிலை ஏறினால் தை மாசி வரைக்கும் அவவைப் பிடிக்கேலாது. கேசிகாக்கு வந்திருக்கிற விரிவுரையாளர் வேலை அதுவரைக்கும் நிக்காது."

"அப்ப அவளுக்கு எண்டு ஒரு லைனை ஒதுக்கிவிடன்."

"ஒதுக்கித்தான் வைச்சனான். ஆனா எங்கட வாசலுக்கு வந்த பிறகுதான் நான் பிரிக்கலாம். வெளியிலை இருந்து வாற வழி ஒண்டுதான். எல்லாரும் ஒரே நேரம் படத்தை இழுத்தால் வாசலுக்கு வெளியிலேயே நெரிபடும். அங்கை நிண்டு நான் மறிக்கேலாது."

"எவ்வளவு பெரிய வழி அது?"

சுஜானி சொன்னாள். கிளறா நம்பவில்லை. திரும்பக் கேட்டாள். இந்தக் கட்டடத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் படம் பார்க்கவும் விளையாடவும் வைத்திருக்கிற லைன்களைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு முழுப் பல்கலைக்கழகத்துக்கும்.

"அதுக்கை எப்பிடியடி நடத்திறாய்?"

சுஜானி தன் கணினித் திரையில் ஓடும் ஒரு கோட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். காலையில் ஏறி, மதியம் சரிந்து, பின்னேரம் மறுபடி ஏறும் கோடு. நோயாளியின் நெஞ்சுத்துடிப்புக் கோடுபோல இருந்தது. அவள் சொல்லச் சொல்லக் கிளறா அதைப் பார்த்தாள். விடியற்காலையில் ஒருவரும் எழும்பாத நேரம் பார்த்து எல்லாக் கணினிகளுக்கும் வேண்டிய பெரிய கோப்புகளை இறக்கிவைப்பது. ஒருவர் ஒருமுறை எடுத்த பாடத்தை உள்ளேயே பிரதி எடுத்துவைத்து, அடுத்தவருக்கு உள்ளேயிருந்தே கொடுப்பது. பகலில் ஆய்வுகூடத்துக்கு முதலிடம், பின்னேரம் விடுதிக்கு. ஒரு பீடத்துக்கு வேண்டாத நேரத்தில் இன்னொரு பீடத்துக்குத் திறந்துவிடுவது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்களுக்கு இன்ரநெற் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு இருப்பது சுஜானி.

கிளறா பயிற்சி எடுத்த முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்கு ஒரு குளியலறை. யார் முதலில், யார் பிறகு, யாரைத் துவாயால் துடைத்தால் போதும் என்று காலையில் வகுப்பதற்குள் தாதிமாருக்கு மண்டை வெடிக்கும். இவள் ஒரு ஊரையே அப்படிக் குளிப்பாட்டுகிறாள். கிளறா எளிதில் வாய்பிளக்கிறவள் அல்ல. அன்று அந்தக் கோட்டைப் பெரிதாக்கி மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"மேலிடத்திலை எல்லா வீடியோவையும் தடை செய்யச் சொல்லினம்," என்றாள் சுஜானி. "போன வருசமும் செய்து பாத்தனாங்கள். பிள்ளையள் கள்ளவழி கண்டுபிடிச்சு அதுக்குள்ளாலை போகுங்கள். பிறகு எது பாடம், எது படம் எண்டு எனக்கே தெரியாது. அதான் உங்களிட்டைக் கேக்கிறன்."

"எது கூடத் தின்னுது? குரலோ, படமோ?"

"படம். குரல் ஒரு நூல் அளவு."

"அப்ப குரலை மட்டும் விட்டால்?"

"ஏலும். ஒரேயொரு குரல் உள்ளுக்கை வந்தால், நான் அதை இஞ்சை பிடிச்சு எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுப்பன். வெளி லைனுக்கு ஒரு ஆள் கேக்கிற மாதிரித்தான். படத்தை அப்பிடிப் பங்கு போட எங்கட பழைய பெட்டியள் தாங்காது. ஆனா பெரியம்மா, மலை ஏறுறதைக் குரலிலை எப்பிடிப் பாக்கிறது?"

கிளறா சிஞ்ஞோராவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தெருவில் அந்த வெள்ளைச் சப்பாத்துப் பெண் என்ன ஆனாள் என்று அறியக் காத்திருந்தார்.

"அதை என்னிலை விடு," என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் அவள் விஷயத்தை உடைத்தாள். அமலினி கேட்டுக்கொண்டு நின்றாள். முதலில் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது.

"அப்ப என்ர பிள்ளையின்ர வைவாவைத் திண்டது உங்கட லைவோ அக்கா?"

"ஓம். எனக்குத் தெரியாது. இப்பதான் தெரியும்."

"நான் அந்த லைவுக்கு மூண்டு தரம் இதயம் போட்டனான்!"

"அதுவும் சேந்துதான் திண்டது."

அமலினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மகளுக்காகச் செருப்பில்லாமல் மலை ஏறுவதாக அவள் ஏற்கெனவே நேர்த்தி வைத்திருந்தாள். "நான் காலைக் கிழிச்சுக்கொண்டு ஏற, நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வைவாவை அறுத்திருப்பியள்," என்றாள். அதோடு அவளுடைய கோபம் முடிந்தது.

ஏர்னஸ்ற் அண்ணைக்குத்தான் விஷயம் இறங்கவில்லை. பொலிதேயாமாப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் காவல்காரர், கோயில் தமிழ்ச் சபைக்குத் தலைவர். லைவின் மூலையில் தெரியும் அந்த எண்ணிக்கைதான் அவருக்கு வருடாந்த அறிக்கை.

"படமில்லாத லைவை ஆர் பாப்பினம் கிளறா?"

"பாக்கிறேல்லை அண்ணை. கேக்கிறது."

"அது ரேடியோவெல்லே!"

"ஓம், ரேடியோதான்."

"இந்த முறை நான் புதுச் சால்வை எடுத்திருக்கிறன்."

"சால்வையையும் சொல்லுறன். கரை என்ன நிறம்?"

"ஊதா," என்றார் மனம் தாங்காமல். ஆனாலும் கோயிலின் இணையப் பக்கத்தில் அறிவித்தல் போனது: நாலாம் தேதி படம் இல்லை, குரல் மட்டும், கம்பஸ் பிள்ளைகள் சுஜானி தரும் இணைப்பில் கேட்க வேண்டும். ஏன் என்று அதில் எழுதவில்லை. கேசிகாவின் பெயரை ஊரெல்லாம் இழுக்க வேண்டாம் என்று கிளறா நினைத்தாள்.

நாலாம் தேதி காலை வெயில் ஏறுமுன் மலையடிவாரத்தில் கூடினார்கள். சிஞ்ஞோராவோடு அன்று இருக்க மொரிஷியஸ்காரி ஓட்ரி வந்திருந்தாள். கிளறாவின் வலக்கையில் குரல் போகும் போன். இடக்கையில் சுஜானியின் செய்தி வரும் போன். பிள்ளைகளின் கேள்விகளையும் சுஜானியே எழுத்தில் அனுப்புவாள். எழுத்து லைனுக்குப் பாரமில்லை.

கிளறா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிள்ளையள், கிளறா கதைக்கிறன். மலைக்குக் கீழை நிக்கிறம். பாதை கல்லுப் பதிச்சது. நடுவிலை தேஞ்சு வெள்ளையாக் கிடக்கு, கரையிலை கறுப்பு. வலப்பக்கம் இடுப்பளவு சுவர். சுவருக்கு அங்காலை பைன் மரம். எங்கட ஆக்கள் முன்னுக்கு ஒரு கூட்டம், பின்னுக்கு ஒரு கூட்டம். அமலினி செருப்பைக் கழட்டிப் பைக்குள்ளை வைச்சிட்டாள். ஏர்னஸ்ற் அண்ணை புதுச் சால்வை. வெள்ளை. ஊதாக் கரை. விலை மட்டையைக் கழட்ட மறந்துபோனார்."

முன்னால் சிரிப்புக் கேட்டது. ஏர்னஸ்ற் அவசரமாகத் தோளைத் தடவினார்.

ஏறத் தொடங்கினார்கள். இடக்கைப் போன் துடித்துக்கொண்டேயிருந்தது. 'என்ர அம்மா வந்தவவோ?' 'மிதுசன் கேக்கிறான், அப்பா நிக்கிறாரோ?' 'சுஜீவன்ர அக்கா எங்கை?' கிளறா ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள்.

"மிதுசன், உன்ர அப்பா எனக்கு முன்னாலை போறார். சாம்பல் சேட்டு. வலக்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். போன மாசம் ஏணியிலை சறுக்கினது. சொல்லேல்லைப் போல. முறிவு இல்லை, சுளுக்கு. நான்தான் கட்டினது, ஆறுது."

தகப்பன் சடாரெனத் திரும்பினார். "அக்கா, அதை ஏன் சொல்லுறியள்?"

"படம் எண்டால் நீ நிமிந்து நிண்டு சிரிச்சிருப்பாய். அவன் காலைக் கண்டிருக்கமாட்டான். நட."

அவர் நடந்தார். கொஞ்சம் போனபின் மெதுவாகப் போனுக்குப் பக்கத்தில் வந்து, "நோகேல்லையடா தம்பி," என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஒரு வளைவில் மரங்கள் விலகி நகரம் முழுதும் கீழே தெரிந்தது. கிளறா எத்தனையோ முறை அங்கே நின்றிருக்கிறாள். போனைத் தூக்கிப் பிடித்து, திரையில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நகரத்தைப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

"இப்ப பலெர்மோ முழுக்கக் காலுக்குக் கீழை. கூரையெல்லாம் ஓட்டுக் கூரை, பழுத்த தோடம்பழச் செம்மஞ்சள் நிறம். துறைமுகத்திலை ஒரு வெள்ளைக் கப்பல், வீதி அளவு நீளம். பின்னுக்குச் சுத்திவர மலை, கிட்டத்தையது பச்சை, தூரத்தையது நீலம், அதுக்கும் அங்காலை நீலமோ வானமோ தெரியேல்லை. பொலிதேயாமாவுக்கு இங்காலை ஒரு மஞ்சள் கட்டடம். அதுக்குள்ளை எங்கட ஆக்கள் ஒரு பத்துப் பேர் இப்ப வேலை செய்துகொண்டிருப்பினம், லீவு கிடைக்கேல்லை. அவையின்ர பிள்ளையள் கேட்டால் தெரிஞ்சுகொள்ளுங்கோ, உங்கட அம்மா அந்த மஞ்சளுக்குள்ளை நிக்கிறா."

இடக்கைப் போனில் வரிசையாக வந்துகொண்டிருந்த கேள்விகள் நின்றுபோயின. லைன் அறுந்துவிட்டதா என்று கிளறா பயந்தாள். பிறகு சுஜானி எழுதினாள்: 'லைன் நல்லாயிருக்கு. விடுதியில ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம். கேசிகா தொடங்கிட்டாள்.'

கிளறா அதை அமலினிக்குக் காட்டினாள். அமலினி தலையாட்டினாள். அவளுடைய உள்ளங்கால் கல்லில் பட்டுப் பட்டு எழுந்தது.

பாதி மலைக்கு மேல் அது நடந்தது.

'படம் வருது பெரியம்மா!' என்றது போன். 'ஆரோ கோயிலின்ர இன்ரநெற் பக்கத்திலை லைவ் போடுகினம். எல்லாற்ற போனிலையும் மணி அடிச்சிட்டுது. பிள்ளையள் அங்கை ஓடுதுகள். கோடு ஏறுது.'

கிளறா நிமிர்ந்து பார்த்தாள். பத்தடி முன்னால் ஏர்னஸ்ற் தன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊதாக் கரை விழும்படி கழுத்தைச் சரித்துக்கொண்டு நடந்தார்.

'கேசிகான்ர குரல் விட்டு விட்டுப் போகுது,' என்றது போன்.

ஓடிப்போய்ப் பறிக்கலாம். பாதை ஒடுங்கியது, முழுக்கச் சனம். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கிழவர், பலெர்மோக்காரர், முழங்காலால் ஏறி வந்துகொண்டிருந்தார். முழங்காலுக்குத் துணி சுற்றியிருந்தார். ஒரு கல், பிறகு இன்னொரு கல். அவரைக் கண்டதும் பாதையை அடைத்துக்கொண்டு நின்ற சனம் சுவரோடு ஒட்டியது. கிளறா அதைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாத வாய் பழக்கத்தால் அதையே எடுத்துச் சொல்லத் தொடங்கியது.

"பிள்ளையள், ஒரு கிழவர் முழங்காலிலை வாறார். வெள்ளைச் சேட்டு, முதுகு நனைஞ்சிருக்கு. வழி சின்னன். எங்கட ஆக்கள் எல்லாம் சுவரோடை ஒதுங்கி நிக்கினம். ஆரும் ஒதுங்கச் சொல்லேல்லை." மூச்சை எடுத்தாள். "இப்ப நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. உங்கட கம்பஸிலை இந்த நேரம் கேசிகா வைவா குடுத்துக்கொண்டிருக்கிறாள். போனமுறை நான் உங்களைத் தனித்தனியத் திறக்கச் சொன்னதாலைதான் அவளுக்கு அறுந்தது. வழி ஒண்டுதான், அதுவும் சின்னன். இண்டைக்கு விட்டால் அவளுக்கு வேறை நாள் இல்லை. அவளின்ர அம்மா இஞ்சை எனக்குப் பக்கத்திலை வெறுங்காலோடை ஏறுறா. ஏர்னஸ்ற் அண்ணை படம் போடுறார்தான். அதுக்குள்ளை போனால் நீங்கள் காணப்போறது அவற்ர நாடியும் ஊதாக் கரையும். அதை நான் முதலே சொல்லிட்டன். மூடிப்போட்டு இங்காலை வாங்கோ. ஒதுங்கி நில்லுங்கோ. அவள் போகட்டும்."

சொல்லி முடித்துவிட்டு இடக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அமலினியும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிழவர் அவர்களைக் கடந்து போனார். துணி கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

'இறங்குது,' என்றது போன்.

பிறகு: 'பெரியம்மா, விழுது. கல்லு விழுறமாதிரி விழுது. நான் ஒண்டும் செய்யேல்லை. ஒண்டையும் தடுக்கேல்லை.'

பிறகு: 'குரல் தெளிவா இருக்கு. கதைக்கிறாள்.'

கிளறா சுவரோடு ஒட்டி நின்றாள். ஆட்களை ஒரு வழிக்குக் கொண்டுவருவது அவளுடைய தொழில். அதட்டியும் கெஞ்சியும் கைகளைப் பிடித்தும் சில நேரம் மருந்து கொடுத்தும்தான் அது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆளை மருந்து குடிக்கவைக்கவே அரைநாள் போகும். கடலுக்கு அப்பால், முகம் தெரியாத அத்தனை பிள்ளைகள், ஒவ்வொன்றும் தன்தன் விரலால், தாய் தகப்பனைக் காணக்கூடிய ஒரேயொரு படத்தை மூடிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கின்றன. அவர்களை யாரும் கட்டவில்லை. யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு சத்தமும் இல்லை. அவள் கேட்டதெல்லாம் பைன் மரத்தில் காற்று.

முன்னால் ஏர்னஸ்ற் நின்றுவிட்டார். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"கிளறா, என்ர லைவிலை ஆக்கள் குறையினம்."

"எத்தினை பேர் நிக்கினம்?"

"இப்ப... ஒண்டு."

"அது ஆர்?"

"என்ர மனிசி," என்றார். "வீட்டிலை இருந்து."

அமலினி வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. ஏர்னஸ்ற் போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டு, சால்வையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு கிளறாவின் பக்கத்தில் வந்து நடந்தார். "என்னைப் பற்றி இனி ஒண்டும் சொல்லாதை," என்றார். அவள் சொல்லவில்லை.

உச்சிக்குக் கீழே குகைக்கோயில். வாசலில் வெளிச்சம், உள்ளே குளிர். கூரை கூரையே அல்ல, மலையின் வயிறு. பாறையிலிருந்து துளித்துளியாகக் கசியும் தண்ணீர் ஆட்களின் தலையில் விழாதபடி, மேலே எங்கும் மெல்லிய தகரப் பீலிகளைக் கோணல்மாணலாகப் பொருத்தியிருந்தார்கள். ஒரு துளிகூடச் சிந்தாமல் பீலிக்குப் பீலி கைமாறிக் கீழே ஒரு தொட்டியில் வந்து சேர்ந்தது. உலகத்தின் நாலா பக்கத்துச் சனமும் அந்தத் தொட்டியில் விரலை நனைத்து நெற்றியில் வைத்தது.

கிளறா அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. பீலியின் நிறம், தூரம், போகும் பக்கம் எல்லாம் தெரிந்தும் வரவில்லை. போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

துளி விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு துளி விழுந்தது.

பூசை தொடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அந்த நேரம் விடுதி அறைகளிலும் மாமரங்களின் கீழும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும், சமையற்காரர்கூடப் பானையை வைக்காமல் நின்றார் என்றும் சுஜானி பிறகு சொன்னாள்.

காணிக்கைப் பாட்டு நடக்கும்போது இடக்கை துடித்தது. 'முடிஞ்சுது. ஒருக்காலும் அறுபடேல்லை. சின்னச் சின்னத் திருத்தம்தானாம். பாஸ்.'

கிளறா போனை அமலினியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அமலினி வாசித்தாள். திரும்ப வாசித்தாள். கூட்டத்தின் நடுவிலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் திருப்பிப் பார்த்தாள். ஏறி முடித்த பிறகுதான் அவளுக்கு அவை நோகத் தொடங்கின.

அடுத்தநாள் காலை வேலைக்குப் போகுமுன் கிளறா அமலினியின் வீட்டுக்குப் போனாள். வெந்நீரில் உப்புப் போட்டு அவளுடைய கால்களை ஊறவைத்து, குறட்டால் இரண்டு கல்துண்டை எடுத்து, மருந்து பூசித் துணி சுற்றினாள்.

"இண்டைக்கு லீவு எடன்."

"நேற்று எடுத்தாச்சு அக்கா. இண்டைக்கு நாலு அறை காலியாகுது, ஆர் செய்யிறது? அதோடை கேசிகா திருத்தம் எழுதுறாளாம், மத்தியானம் போன் அடிக்கிறன் எண்டவள். வேலையிலை நிண்டால்தான் எனக்கு நேரம் போகும்."

துணி சுற்றிய கால் அவளுடைய சப்பாத்துக்குள் போகவில்லை. கிளறாவின் கால் பெரியது. தன் சப்பாத்தைக் கழற்றி அமலினிக்கு மாட்டி, நாடாவைத் தளர்த்திக் கட்டினாள். அமலினி வாத்துப்போல நடந்துபோய் மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினாள். கிளறா அவளுடைய வீட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பொலிதேயாமாவுக்கு நடந்தாள்.